ஆணியில் தொங்கிய துணி

பாசியக்கா என்று அவளுக்குப் பெயர் வைத்தவர்கள் அந்தக் குடியிருப்பின் பிள்ளைகள். நீச்சல் குளத்தைப் பார்த்துக்கொள்கிறவள், அதனால் வந்த பெயர் என்று புதிதாகக் குடிவந்தவர்கள் நினைத்துக்கொள்வார்கள். அப்படியில்லை. அவள் வாயில் இருந்த ஒரே வசவு அதுதான். காலைக் கழுவாமல் தண்ணீரில் குதிக்கிற பையன் பாசி. தலை நிறைய எண்ணெயோடு வந்து இறங்குகிற அம்மாள் பாசி. குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் படித்த பாசி. கொழுந்தனோ எந்த மருந்துக்கும் சாகாத பாசி. கடைசியாகச் சொன்னவனைத் திட்டுவதற்கென்றே தினமும் ஒரு மணி நேரம் முன்னதாக எழுந்துவிடுவாள் என்று சொன்னாலும் தப்பில்லை.

அங்கே இரண்டு அடுக்குமாடிக் கட்டடங்கள், இரண்டு குளங்கள். கிழக்குக் கட்டடத்துச் சின்னக் குளம் அவள் பொறுப்பு, மேற்குக் கட்டடத்துப் பெரிய குளம் கொழுந்தன் பொறுப்பு. இரண்டுக்கும் நடுவில் மோட்டார் அறை. அதற்குக் கிழக்கே ஒரு கதவு, மேற்கே ஒரு கதவு. கிழக்குக் கதவை ஒட்டிய ஒண்டிக் குடித்தனத்தில் அவளும் அவள் மகளும். மேற்குக் கதவை ஒட்டிய அதே மாதிரி குடித்தனத்தில் கொழுந்தனும் ஓரகத்தியும். வேலை இருக்கும்வரை வீடு உண்டு, வேலை போனால் வீடும் போகும் என்பது சங்கத்தின் ஏற்பாடு.

அவள் புருஷன் இருந்தவரை இரண்டு குளமும் அவனிடம்தான் இருந்தன. பெயருக்கு அவனிடம். தண்ணீரைக் கண்ணாடிக் குழாயில் எடுத்துச் சொட்டு மருந்து விட்டு, நிறம் பார்த்து, இன்றைக்கு இவ்வளவு குளோரின் என்று சொன்னதெல்லாம் அவள். பதினோரு வருஷத்துக்கு முன்னால் காய்ச்சலென்று படுத்தவன் எழுந்திருக்கவில்லை. காரியமெல்லாம் முடிந்ததும் சங்கத்தில் கூப்பிட்டார்கள். பெரிய குளத்தைக் கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் அவள் போனாள். வாயைத் திறப்பதற்குள் கொழுந்தன் முந்திக்கொண்டான்.

"அண்ணிக்குச் சின்னக் குளம் போதும் சார்."

அவ்வளவுதான் அவன் சொன்னது. அவள் அதைப் பதினோரு வருஷமாக மென்றுகொண்டிருந்தாள், இன்னும் விழுங்கின பாடில்லை. அன்றோடு இரண்டு பேருக்கும் பேச்சு நின்றது. ஒரே மோட்டார், ஒரே மருந்து அலமாரி, ஒரே தண்ணீர்க் குழாய். பேசாமல் எப்படி நடத்துவது? மோட்டார் அறையில் ஒரு சிலேட்டுப் பலகை மாட்டிக்கொண்டார்கள். 'வால்வு கசிகிறது.' 'நாளை மோட்டார் நிறுத்தப்படும்.' யார் எழுதினார்கள், யாருக்கு எழுதினார்கள் என்று தெரியாத மொட்டை வாக்கியங்கள். அவளுடைய மகள் சின்னப் பிள்ளையில் அந்தப் பலகையைப் பார்த்துத்தான் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றாள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் இயந்திரம் வந்தது. குளத்தின் அடியில் தானாக ஊர்ந்து போய், சுவரில் தானாக ஏறி, உருளை பிரஷ்ஷால் தேய்த்து, அழுக்கைத் தன் வயிற்றுக்குள் இருக்கும் கூடையில் உறிஞ்சிக்கொள்ளும் ரோபோ. நீளமான கேபிளை இழுத்துக்கொண்டு போகும். பிள்ளைகள் ரோபோ என்றார்கள், செயலாளர் நவீன முறை என்றார், அவள் ஆமை என்றாள். சங்கத்துக்கு இரண்டு வாங்க மனசு வரவில்லை. ஒன்றை வாங்கி, மூன்று நாள் கிழக்கே, நாலு நாள் மேற்கே என்றார்கள்.

பேசாதவர்களுக்கு நடுவில் ஒரு பொதுச் சாமான் வந்தால் சண்டை வராமல் இருக்குமா? முதல் மாசமே வந்தது. உன் அழுக்கை நான் ஏன் கழுவ வேண்டும் என்பதுதான் சண்டை. சிலேட்டு போதாமல் சுவரிலும் எழுதினார்கள். கடைசியில் யாரும் வாய்விட்டுச் சொல்லாமலே ஒரு வழக்கம் ஏற்பட்டது. கொடுக்கிறவர் கூடையைக் கழுவிக் கொடுக்க வேண்டும். வாங்குகிறவர் கூடைக்குள் ஒரு வெள்ளைத் துணியை விட்டுத் துடைத்துப் பார்ப்பார். துணி வெள்ளையாகவே வந்தால் மடித்து அலமாரியில் வைத்துவிடலாம். அழுக்கானால் நடுத்தூணில் தொங்கவிட வேண்டும். தூணின் இரண்டு பக்கமும் ஒவ்வோர் ஆணி. யார் அழுக்கோ அவர் கதவைப் பார்த்த ஆணியில் துணி தொங்கும், காலையில் கதவைத் திறந்ததும் அவர் முகத்துக்கு நேரே. ஆளுக்கு ஒரு தடவை அந்த அவமானத்தைப் பட்டார்கள். பிறகு இரண்டு வருஷமாக ஆணிகள் காலியாகவே இருந்தன. அவர்களுக்குள் ஏதாவது நாணயம் இருந்தது என்றால் அது அந்தக் கூடை விஷயத்தில்தான்.

இந்த நிலைமையில்தான் செயலாளர் ஒரு நாள் இரண்டு பேரையும் மோட்டார் அறைக்கு வெளியே நிறுத்தினார்.

"இங்க பாருங்க. மெஷின்தான் எல்லா வேலையும் செய்யுது. எதுக்கு ரெண்டு ஆளு? மாசக் கடைசி ஞாயித்துக்கிழமை கமிட்டி வந்து பார்க்கும். யார் குளம் சுத்தமா இருக்கோ அவங்களே ரெண்டையும் பார்த்துக்கட்டும். இன்னொருத்தர் வேற இடம் பார்த்துக்கட்டும்."

"சார், மெஷின் பாசியைக் கொல்லாது" என்றாள் அவள். "கொல்றது குளோரின். சுவத்துலேர்ந்து பேர்த்து எடுக்கிறது கை. இது கீழ விழுந்ததைப் பொறுக்கும், அவ்வளவுதான். ஏணிக்குப் பின்னால போகாது, படிக்கட்டுல ஏறாது, விளக்கைச் சுத்தித் தேய்க்காது."

"விளம்பரத்துல அப்படி ஒண்ணும் போடலையேம்மா."

"விளம்பரத்துல குளிக்கிறவங்க யாருக்கும் வேர்க்கிறதுகூட இல்ல சார்."

கொழுந்தன் பக்கத்தில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் உதட்டோரம் லேசாகத் துடித்தது. சிரிப்பை அடக்குகிறான் என்று அவளுக்குத் தெரிந்தது, அதற்கும் கோபம் வந்தது. அவளுடைய நகைச்சுவைக்குச் சிரிக்க அவனுக்கு என்ன உரிமை?

வீட்டுக்குள் வந்து மகளிடம் சொன்னாள். மகளுக்குப் பதினெட்டு வயது, நர்ஸிங் படிப்பில் முதல் வருஷம். வீடு போனால் கல்லூரிக்கு நடந்து போகிற தூரத்தில் இன்னொரு வீடு அவர்கள் சக்திக்குக் கிடையாது. படிப்பும் அதோடு போய்விடும். மகள் சோற்றைப் பிசைந்தபடி, "அப்ப சித்தப்பா எங்க போவாரு?" என்று கேட்டாள்.

"நம்ம எங்க போவோம்னு கேளு முதல்ல."

அந்த வாரமே மூன்றாவது மாடிப் பையன் ஒருவன் எங்கோ விடுமுறைக்குப் போய்வந்து, அங்கே குளத்தில் விட்டு விளையாடிய காற்றடைத்த வாத்தைக் கொண்டுவந்து இவள் குளத்தில் மிதக்கவிட்டான். அவள் கத்தி முடிப்பதற்குள் வாத்து இரண்டு சுற்று வந்துவிட்டது. நாலு நாள் கழித்து ஏணிக்குப் பின்னால், வெயில் படாத சுவரில், மாவு தூவின மாதிரி மெல்லிய மஞ்சள் படிந்திருந்தது. பிரஷ்ஷை வைத்தாள். புகையாக எழுந்து கலைந்தது. மறுநாள் அதே இடத்தில் அதே மஞ்சள்.

பச்சைப் பாசிக்கு அவள் பயந்தவள் இல்லை. பச்சை வெட்கம் கெட்டது, வரும்போதே ஊருக்கெல்லாம் தெரிகிற மாதிரி வரும், ஒரு நல்ல டோஸில் போய்விடும். மஞ்சள் அமுக்கமானது. மணல் மாதிரி நடிக்கும். சாதாரண குளோரினைச் சட்டை செய்யாது. தண்ணீரில் பட்ட வலை, பிரஷ், குழாய் எல்லாவற்றிலும் ஒட்டிக்கொண்டு உயிரை வைத்திருக்கும். குளத்தைக் கொன்று சுத்தப்படுத்தினாலும் பிரஷ்ஷைக் கழுவாமல் விட்டால் பிரஷ்ஷோடு திரும்பி வரும்.

கமிட்டி வர இன்னும் பதினெட்டு நாள் இருந்தது. அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை. காலையும் மாலையும் ஏணிப்பக்கம் குனிந்து கையால் தேய்த்தாள். மூன்று பங்கு மருந்து போட்டு, வால்வில் கோளாறு என்று பலகை வைத்துக் குளத்தை இரண்டு நாள் பூட்டினாள். மருந்தின் வேகம் தணிந்ததும் ஆமையை இறக்கினாள். அது அடியில் படிந்த மஞ்சளையெல்லாம் பொறுக்கி வந்தது. இரண்டு மணி நேரத்தில் கூடை நிறைந்துவிட்டது. மறுபடி இறக்கினாள், மறுபடி எடுத்தாள்.

சனிக்கிழமை காலை ஆமை மேற்கே போக வேண்டிய முறை. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். குளத்து வேலையில் இருக்கிற யாரும் மஞ்சளை மறைக்கமாட்டார்கள். சாக்கட்டியை எடுத்துச் சிலேட்டில் 'மஞ்சள்' என்று எழுதினாள். அடுத்த வார்த்தைக்கு முன்னால் கை நின்றது. அண்ணிக்குச் சின்னக் குளம் போதும் சார். அந்தக் குரல், அந்தப் பவ்யம், சார் என்று இழுத்த இழுப்பு எல்லாம் அப்படியே காதில் கேட்டது. வால்வு கசிந்து நனைந்திருந்த உள்ளங்கையால் பலகையை ஒரு தேய் தேய்த்தாள்.

பிறகு கூடையைக் கழற்றினாள். அதை எப்படிக் கழுவினாள் தெரியுமா? பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்டுகிற கவனத்தோடு கழுவினாள். மூலை முடுக்கெல்லாம் பல்துலக்கும் பிரஷ் விட்டுத் தேய்த்து, மருந்துத் தண்ணீரில் ஊறவைத்து, வெயிலில் காயவைத்து மாட்டினாள். உருளை பிரஷ்ஷின் இடுக்குகளில் மஞ்சள் கோடாகத் தெரிந்தது. சக்கரத்தின் பள்ளங்களில் இருந்தது. கேபிளின் மிதவைகளில் வழவழவென்று இருந்தது. அதையெல்லாம் அப்படியே விட்டு, கேபிளை ஈரத்தோடு சுற்றி வைத்தாள்.

கல்லூரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மகள் கதவருகே நின்று பார்த்தாள்.

"அம்மா, பிரஷ்ஷைக் கழுவலையே?"

"வழக்கம் கூடைதான். கூடையைக் கழுவியாச்சு."

"வழக்கம் கிடக்கட்டும்மா. அது சித்தப்பா குளத்துக்குப் போகுது."

"சித்தப்பாவாம் சித்தப்பா! உங்கப்பன் செத்த பதினாறாம் நாளு உன் வாயிலேர்ந்து சோத்தைப் பிடுங்கினவன்டி அவன். உனக்குக் காலேஜுக்கு நேரமாகலையா?"

மகள் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். கொழுந்தன் வந்தான், வெள்ளைத் துணியைக் கூடைக்குள் விட்டுத் துடைத்தான், வெள்ளையாகவே வந்ததும் மடித்து அலமாரியில் வைத்தான். ஆமையைக் கைவண்டியில் தள்ளிக்கொண்டு போனான். ஞாயிற்றுக்கிழமை பெரிய குளத்தில் கூட்டம் நெரியும், திங்கட்கிழமை குளோரின் இறங்கிக் கிடக்கும் என்பது அவளுக்கு மனப்பாடம். அந்தக் கணக்கும் அவள் மனசில் இல்லாமல் இல்லை.

ஆமை திரும்பி வந்ததும் உருளை, சக்கரம், கேபிள் என்று ஓர் அங்குலம் விடாமல் மருந்தில் ஊறவைத்த பிறகே தன் குளத்தில் இறக்கினாள். ஒன்பதாம் நாள் காலையில் துணி உலர்த்துகிற சாக்கில் மொட்டைமாடிக்குப் போனாள். மேலிருந்து பார்த்தால் பெரிய குளம் முழுசாகத் தெரியும். வடக்கு மூலையில் கொழுந்தன் மண்டிபோட்டுக் குனிந்து கைப்பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருந்தான். தண்ணீருக்குள் மஞ்சள் மஞ்சளாகப் புகைந்தது. அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. மென்று முழுங்கிச் சொல்வதில் பயனில்லை, அப்படி ஒரு சந்தோஷம் அவளுக்குப் பதினோரு வருஷத்தில் வந்ததில்லை. உலர்த்த எடுத்துப் போன துணியைப் பக்கெட்டிலேயே மறந்து வைத்துவிட்டுக் கீழே வந்தாள்.

மாசக் கடைசி ஞாயிற்றுக்கிழமை கமிட்டி வந்தது. சின்னக் குளத்தில் அடித்தளத்து ஓடுகளின் கோடுகளை எண்ணலாம் போலத் தண்ணீர் தெளிந்து கிடந்தது. பெரிய குளத்தில் வடக்குச் சுவரைப் பார்த்ததும் செயலாளர் மூக்கைச் சுளித்தார்.

"என்னப்பா இது?"

"மஞ்சள் பாசி சார்."

"மெஷின் விடலையா?"

"விட்டேன் சார். என் முறை வந்த நாளெல்லாம் விட்டேன்."

"அப்புறம் எப்படி வந்துச்சு?"

கொழுந்தன் தலையைத் தூக்கி, வேலிக்கு அந்தப் பக்கம் கையைக் கட்டிக்கொண்டு நின்ற அவளைப் பார்த்தான். சொல்லட்டும் என்று காத்திருந்தாள். கூடையைத் துணி விட்டுப் பார்த்தானா இல்லையா, ஆணியில் தொங்கவிட்டானா இல்லையா என்று கேட்க அவளிடம் பதில்கள் வரிசையாகத் தயாராக இருந்தன.

"தெரியல சார்" என்றான் அவன்.

வீட்டைக் காலி செய்ய அவனுக்கு ஒரு வாரம் அவகாசம் கொடுத்தார்கள். அந்த வாரம் முழுக்க மகள் அவளோடு உட்கார்ந்து சாப்பிடவில்லை. கல்லூரி விட்டதும் நேரே மேற்குக் கதவுக்குப் போய்ச் சித்திக்குச் சாமான் கட்டினாள். ஏன் என்று கேட்டால் என்ன பதில் வரும் என்று அம்மாவுக்குத் தெரிந்திருந்தது.

கடைசி நாள் காலையில் சாமான் வண்டி வந்து நின்றது. ஓரகத்தி கையில் ஒரு மூட்டையோடு அவளைத் தாண்டிப் போகும்போது நின்றாள்.

"மனசு குளிர்ந்துச்சா அக்கா? நல்லா இருங்க."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு மோட்டார் அறைக்குள் போனாள். அங்கே கொழுந்தன் நின்றுகொண்டிருந்தான். பெரிய குளத்துச் சாவிக்கொத்தை மருந்து அலமாரி மேல் வைத்தான். சிலேட்டை ஒரு பார்வை பார்த்தான். பிறகு, பதினோரு வருஷம் கழித்து, வாயைத் திறந்தான்.

"மெஷினைக் கழுவி வெச்சிருக்கேன் அண்ணி. கூடையை மட்டும் இல்ல. பிரஷ், சக்கரம், கேபிள் எல்லாம். ரெண்டு நாள் வெயில்ல காஞ்சிருக்கு. இதுலேர்ந்து உங்க குளத்துக்குப் போகாது."

"என்ன, குத்திக்காட்டுறியா?"

"ஈரக் கையால அழிச்சா சிலேட்டுல எழுத்து போகாது. காஞ்சதும் தெரியும். 'மஞ்சள்'னு தெளிவா இருந்துச்சு. நான் பார்க்கிறதுக்குள்ள மெஷினை இறக்கிட்டேன்."

அவள் சிலேட்டைத் திரும்பிப் பார்த்தாள். "தெரிஞ்சவன் அன்னிக்கு ஏன் சொல்லல?" என்று கேட்டாள்.

"சொன்னா என்ன ஆகியிருக்கும்? ரெண்டு பேரையும் அனுப்பிட்டு வெளியாளுங்க கிட்ட குடுத்திருப்பாரு. பொண்ணு படிப்பு நின்னிருக்கும்." அவன் சட்டைப் பையிலிருந்து ஒரு சாக்கட்டித் துண்டை எடுத்துச் சிலேட்டின் கீழ் வைத்தான். "உங்களுக்காகன்னு நினைச்சுக்காதீங்க. உங்க மூஞ்சில முழிக்கக்கூட எனக்கு இஷ்டம் இல்ல."

கதவு வரை போனவன் திரும்பாமலே நின்றான்.

"வடக்கு மூலையில தண்ணி சுத்தாது. மெஷின் அந்த மூலைக்கு வந்ததும் திரும்பிடும். அங்க தினமும் கையாலதான். ரெண்டு மணி நேரம் ஆகும். முட்டிக்கு ஏதாவது போட்டுக்குங்க."

வண்டி போன சத்தம் கேட்ட பிறகுதான் அவள் தூணைப் பார்த்தாள். தன் கதவைப் பார்த்த ஆணியில் வெள்ளைத் துணி தொங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் போய் எடுத்துப் பிரித்து இரண்டு பக்கமும் பார்த்தாள். ஒரு பொட்டு அழுக்கு இல்லை. சுத்தமான துணியை ஆணியில் தொங்கவிடுகிற வழக்கமே கிடையாது.

இப்போது இரண்டு குளமும் அவளுடையது. கைவண்டியில் ஆமையை ஏற்றிப் பெரிய குளத்துக்குத் தள்ளிக்கொண்டு போனாள். சின்னக் குளத்தை விட மூன்று மடங்கு நீளம். பதினோரு வருஷமாக மேலிருந்தும் வேலிக்கு அந்தப் பக்கமிருந்தும் பார்த்த குளம், கரையில் நின்று பார்த்தால் முடிவே தெரியவில்லை. ஆமையை இறக்கினாள். அது அடியில் ஊர்ந்தது, சுவரில் ஏறியது, இறங்கியது. வடக்கு மூலையை நெருங்கும்போதெல்லாம் ஒரு நிமிஷம் நின்று, முகத்தைத் திருப்பிக்கொண்டு வேறு பக்கம் போனது. ஐந்து தடவை பார்த்தாள், ஐந்து தடவையும் அப்படித்தான்.

ஓரத்தில் கிடந்த கைப்பிரஷ்ஷை எடுத்து மண்டிபோட்டாள். பிடியில் அவன் விரல்கள் பதிந்து பதிந்து பள்ளமாகியிருந்தது. தேய்க்கத் தேய்க்க மஞ்சள் புகைந்து எழுந்தது, கலைந்தது, கண்ணெதிரே மெல்லப் படிந்தது. செயலாளர் அந்தப் பக்கமாக நடந்து போனவர் நின்றார்.

"ரெண்டு வாரத்துல இதுவும் அதே மாதிரி ஆயிடணும்மா. சின்னக் குளத்துல செஞ்சதை இங்கயும் செய்யுங்க."

"சரி சார்" என்றாள். முதல் தடவையாக அவளுக்கு அவரைத் திட்ட ஒரு வார்த்தையும் வரவில்லை.

மதியத்துக்கு மேல் முட்டி தோல் உரிந்திருந்தது. ஆமையைக் கரையேற்றி மோட்டார் அறைக்குக் கொண்டுவந்தாள். நாளைக்கு இது சின்னக் குளத்துக்குப் போக வேண்டும். கூடையைக் கழுவினாள். பிறகு அந்த வெள்ளைத் துணியை எடுத்து உருளை பிரஷ்ஷின் இடுக்குகளில் விட்டு ஒரு சுற்றுத் துடைத்தாள். துணி மஞ்சளாக வந்தது.

துணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது கிழக்குக் கதவைத் திறந்து மகள் உள்ளே வந்தாள். அம்மாவின் முட்டியையும் துணியையும் பார்த்தாள். பெரிய குளத்து அழுக்கு என்ற பழைய கணக்கில் பாசியக்காவின் கால்கள் தூணைச் சுற்றி மேற்குப் பக்கத்து ஆணிக்குப் போயின. அங்கிருந்து பார்த்தால் மேற்குக் கதவு விரியத் திறந்து கிடந்தது, உள்ளே காலியான வீடு கடைசிச் சுவர் வரை தெரிந்தது.

அவள் திரும்பி வந்து, துணியைத் தன் கதவைப் பார்த்த ஆணியில் தொங்கவிட்டாள்.